அவர் பங்குக் காபியையும் நான் குடித்த சனிக்கிழமை

பதினான்காவது மாடியில் லிஃப்ட் நிற்பதற்குள் கைப்பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். சின்னப் பழுப்பு பாட்டில் இருந்தது. கிள்ளானில் வீட்டைப் பூட்டும்போது ஒரு தடவை பார்த்தேன். காரில் ஏறியதும் பார்த்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்க்கிங் தேடிச் சுற்றியபோது சிக்னலில் நிறுத்திப் பார்த்தேன். இது நான்காவது தடவை.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அது. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தால் உடனே ஒன்று வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள்.

“என்ன தேடுற?” என்றார் அவர்.

“டிஷ்யூ.”

“காலையிலேருந்து டிஷ்யூ தேடுற. ஒரு வாட்டியாவது எடுத்தியா?”

பையை மூடிவிட்டேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் தேய்த்த சட்டை போட்டிருந்தார். மீசையைக்கூட ஒழுங்கு பண்ணியிருந்தார். சண்டை போட்டு அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

லிஃப்ட் கதவு திறந்ததும் விரலை நீட்டி மறுபடியும் சொன்னார். “இங்க யார்கிட்டயும் என் நெஞ்சு வலிக் கதையைப் பேசாத. பேசின, அப்படியே எறங்கிப் போயிடுவேன். இங்கயாவது என்னை நோயாளியாப் பாக்காம இருக்கட்டும்.”

தலையை ஆட்டினேன். வீட்டில் காபி போட்டுப் பழகும் ஆட்கள் சனிக்கிழமை காலையில் கூடும் இடம் அது. உள்ளே போனால் காபி கொடுப்பார்கள். அதை இவர் குடித்துவிடுவார். எனக்கு அந்தப் பயம் ஒன்றுதான்.

கீரைக் கடைக்கு முன்னால்

குணசேகரன் என்கிற என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் ஏற்றி இறக்கும் வேலையை மேற்பார்த்தவர். பால் சேர்க்காத கறுப்புக் காபியை இங்கே ‘கோப்பி ஓ’ என்போம். நாளைக்கு ஐந்து கிளாஸ் அதைக் குடித்துத்தான் அந்த வேலையை முப்பது வருஷம் ஓட்டினார். நான் தேத்தண்ணிக் கட்சி. காபி வாசம் வந்தாலே எனக்குத் தலைவலிக்கும்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரில் நான் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பேரம் என்று வந்துவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது. பக்கத்தில் நின்றவர், “ராஜி, என்னமோ பண்ணுது,” என்றார்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வெறும் வயித்துல கோப்பியை ஊத்திக்கிட்டா பண்ணாம என்ன செய்யும்? வாயுதான். வீட்டுக்குப் போய் இஞ்சி தட்டித் தரேன்,” என்றேன். மீன்காரனிடம் விலையில் இன்னும் இரண்டு வெள்ளி குறைக்கச் சொன்னேன்.

அடுத்த கடையில் கீரை விற்ற மலாய்க்கார அம்மாதான் என் தோளைத் தொட்டாள். “காக், மூக்கா டியா பூச்சாட்,” என்றாள். அக்கா, அவர் முகம் வெளுத்துப்போச்சு என்று அர்த்தம். அப்போதுதான் திரும்பினேன். கீரைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. உதட்டில் இரத்தமே இல்லை.

பிழைத்தார். இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஆனால் என் புருஷனின் முகத்தை நான் பார்க்கவில்லை, யாரோ ஒருத்தி பார்த்தாள் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்ப்பதை நிறுத்தவே இல்லை. சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, தூங்கும்போது எல்லாம் பார்த்தேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டினேன்.

கார் சாவியை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். நாளைக்கு ஒரு கப் காபி பரவாயில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கு என்ன, அவர் வேலை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு கப்பையும் நான் நிறுத்தினேன்.

அவரும் எதிர்த்துப் பேசவில்லை. வாசல் கேட்டுக்கு வெளியே கால் வைப்பதையே விட்டுவிட்டார். அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஜோகூரிலிருந்து வந்த பார்சல்

ஜோகூரில் இருக்கும் என் மகள் கவிதாவுக்கு மூளை கொஞ்சம் அதிகம். அப்பாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று காபிக் கொட்டையைக் கையால் சுற்றி அரைக்கும் கிரைண்டர் ஒன்றை அனுப்பிவைத்தாள். கூடவே அரைக் கிலோ கொட்டை. ஃபோனில் அவளைக் கிழி கிழி என்று கிழித்தேன்.

“அம்மா, அப்பா அரைக்கட்டும். நீ குடி,” என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் மடியில் துண்டை விரித்து, கிரைண்டரை முழங்காலுக்கு நடுவில் பிடித்துச் சுற்றுவார். வடிதாளில் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். வாசத்தை மட்டும் இழுத்துக்கொண்டு கப்பை என் பக்கம் தள்ளுவார். “எப்படி இருக்கு?” என்பார்.

புளியைக் கரைத்துக் கொதிக்க வைத்தது போல் இருக்கும். “நல்லா இருக்கு,” என்பேன்.

“நல்லா இருக்குன்னா? புளிப்பா, கசப்பா, என்ன வாசம் வருது?”

“கோப்பி வாசம்தான் வருது. வேற என்ன சாம்பிராணி வாசமா வரும்?”

சலித்துப்போனார். ருசியைப் பற்றிப் பேசத் தெரிந்த ஆட்களைத் தேடி ஃபோனில் அலைந்தார். கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸ் குழு ஒன்றில் பெயர் கொடுத்தார். புதியவர்களை சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். கவிதா என்னிடம், “அம்மா, அப்பா வெளிய போறேன்னு சொல்றதே பெருசு. தடுக்காதே,” என்றாள்.

தடுக்கவில்லை. காவலுக்குக் கூடப் போனேன்.

துப்பணும் ஆன்டி

கதவைத் திறந்தவன் பிரகாஷ். முப்பத்தைந்து வயசு இருக்கும், கம்ப்யூட்டர் வேலை. வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கக் காபிச் சாமான். அவனோடு சேர்த்துப் பழைய உறுப்பினர்கள் ஐந்து பேர். புதியவர்கள் நாங்கள் இருவரும், ரவாங்கிலிருந்து வந்த லோகன் என்ற பையனும்.

முதலில் கப்பிங் என்று ஒன்று நடந்தது. ஆறு கிண்ணத்தில் ஆறு வகைக் காபித் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினார்கள். மேலே எழும்பிய நுரையைக் கரண்டியால் விலக்கி, குனிந்து முகர்ந்தார்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்து ‘உர்ர்’ரென்று உறிஞ்சினார்கள். நான் வளர்ந்த வீட்டில் அப்படிச் சத்தம் போட்டுக் குடித்தால் தலையில் குட்டு விழும். இங்கே சத்தம் பெரிதாக வந்தால்தான் ருசி தெரியுமாம்.

உறிஞ்சிவிட்டு ஆளுக்கொரு காகிதக் கப்பில் துப்பினார்கள்.

எனக்கு உயிர் வந்தது. துப்பலாம் என்றால் இவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒழுங்காக உறிஞ்சினார், ஒழுங்காகத் துப்பினார். லோகன் பாசார் மீன்கடைக்காரன் மாதிரி கூச்சமே இல்லாமல் துப்பினான்.

என் முறை வந்தது. உறிஞ்சினேன். எதிர்ச் சுவரில் முருகன் படம். பக்கத்தில் பிரகாஷின் மனைவி கையில் குழந்தையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். முதல் தடவை வந்த வீட்டில், அவர்கள் கொடுத்ததை, சாமிக்கு எதிரே, வீட்டுப் பெண்ணின் முகத்துக்கு நேராக எப்படித் துப்புவது? விழுங்கிவிட்டேன்.

“துப்பணும் ஆன்டி, இல்லன்னா தலை சுத்தும் லா,” என்றான் பிரகாஷ்.

“பரவால்லப்பா, நல்லாதான் இருக்கு,” என்றேன். ஆறு கிண்ணம், மூன்று சுற்று. எல்லாவற்றையும் விழுங்கினேன். அது புரட்டாசி மாதம், சனிக்கிழமை விரதம். மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணீர், தேத்தண்ணி தவிர வேறெதுவும் வயிற்றில் போகாது. இதை நான் அப்போது யோசிக்கவே இல்லை. என் யோசனையெல்லாம் அவர் வாயின் மேலேயே இருந்தது.

மூன்றாவது கிண்ணத்தைப் பற்றி ஒருவர் பூ வாசம் என்றார், இன்னொருவர் பழ வாசம் என்றார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தயங்கி, “அசாம் போய் மாதிரி இல்ல? உப்பும் புளிப்பும் சேர்ந்து?” என்றார். சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுச் சப்பும் உப்புப் பிளம் பழம் அது.

மேசையே நிமிர்ந்தது. எல்லோரும் மறுபடி உறிஞ்சிப் பார்த்தார்கள். “ஐயோ, அதேதான்! அங்கிளுக்கு நல்ல நாக்கு,” என்றான் பிரகாஷ்.

அவர் முகம் சிவந்தது. ஏழு மாதமாக நான் பார்க்காத சந்தோஷம் அது. இவ்வளவு சந்தோஷத்தை அந்த நெஞ்சு தாங்குமா என்று அதற்கும் பயந்தேன். அப்படி ஒரு பைத்தியம் நான்.

ஆளுக்கொரு கப்

பிறகுதான் வந்தது வினை. புதியவர்களுக்குப் பழைய உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு கப் போட்டுத் தர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். “இதுதான் எங்க வெல்கம், அங்கிள். இதைத் துப்பக் கூடாது,” என்றான் பிரகாஷ்.

ஐந்து பேர். ஆளுக்கு ஐந்து கப்.

வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் இவர் இறங்கிப் போய்விடுவார். போனால் மறுபடியும் வாசல் கேட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார்.

முதல் கப் அவர் கைக்கு வந்தது. முகர்ந்தார். உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்தார். தொண்டை அசைந்ததைப் பார்த்தேன். உடனே கையை நீட்டினேன். “நல்லா வாசமா இருக்கே, குடுங்க பாப்போம்.” வாங்கி, மீதியை ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். சோற்றைத் தட்டில் மிச்சம் வைக்கும் பிள்ளைக்கு அம்மா செய்வதைத்தான் செய்தேன். பிறகு என்னுடையதையும் குடித்தேன்.

இரண்டாவது கப்புக்கும் அப்படியே. மூன்றாவதற்கு மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் இளித்துக்கொண்டே வாங்கிக் குடித்தேன்.

அந்தப் பிள்ளைகளுக்கோ ஒரே குஷி. “ஆன்டிதான் உண்மையான கோப்பி பைத்தியம் லா!” என்று கை தட்டினார்கள். ஒருவர் உற்சாகத்தில் எனக்கு மட்டும் கூடுதலாக இன்னொன்று போட்டுத் தந்தார். அதையும் குடித்தேன். வாழ்நாளில் ஒரே நாளில் அவ்வளவு காபியை நான் குடித்ததே இல்லை.

யாரோட மருந்து

முதலில் கை நடுங்கியது. கப்பைத் தட்டில் வைத்தபோது கடகடவென்று ஆடியது. பிறகு காதுக்குள் இதயம் அடிப்பது கேட்டது. அடித்து, ஒன்றைத் தாவி, மறுபடி வேகமாக அடித்தது. முதுகில் குளிர்ந்த வியர்வை இறங்கியது.

யாரிடமும் சொல்லாமல் கைப்பையோடு எழுந்து குளியலறைக்குப் போனேன். கண்ணாடியில் என் முகம் வெள்ளையாக இருந்தது. பாசாரில் அன்று பார்த்த அதே வெளுப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. செத்துப்போகப் போகிறேன் என்று நிஜமாகவே நம்பினேன். அந்த நேரத்திலும் எனக்கு வந்த கவலை, காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று இந்த மனுஷனுக்குத் தெரியாதே என்பதுதான். டப்பாவில் எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

“ராஜி?” கதவுக்கு வெளியே அவர் குரல். “ராஜி, கதவைத் தொற.”

தாழ்ப்பாளை எட்டி விலக்கினேன். உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். முகம் கோணிப்போனது. என் கைப்பையைப் பிடுங்கிக் கொட்டினார். பழுப்பு பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார்.

“வாயைத் தொற. நாக்கைத் தூக்கு.”

“அங்கிள், நிறுத்துங்க!” பின்னால் ஓடி வந்த பிரகாஷ் அவர் கையைப் பிடித்தான். “அது யாரோட மருந்து? டாக்டர் ஆன்டிக்குக் குடுத்ததா?”

அவர் அவனைப் பார்த்தார். வாசலில் மற்றவர்களும் வந்து நின்றார்கள். ஒரு நொடிதான்.

“என்னோடது,” என்றார். “எனக்கு ஹார்ட் அட்டாக் வந்துச்சு. ஸ்டென்ட் வச்சிருக்கு. நான் குடிக்கக் கூடாதுன்னு என் பங்கையும் சேர்த்து இவ குடிச்சா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் இவகிட்ட சத்தியம் வாங்கினேன்.” சொல்லிவிட்டு அழுதார். அத்தனை பேர் முன்னால் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பிரகாஷ் பாட்டிலை மூடி அவர் கையிலேயே கொடுத்தான். “ஆம்புலன்ஸ் வர நேரமாகும். கிளினிக் பக்கத்துலதான் இருக்கு. யார் கார் முன்னால நிக்குது?”

“எங்க கார்,” என்றார் அவர். “நான் ஓட்டுறேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சாவியை எடுத்துவிட்டார். ஏழு மாதமாகத் தொடாத ஸ்டியரிங்கை அவர் பிடித்தார். பின் சீட்டிலிருந்து பிரகாஷ், “லெஃப்ட், அங்கிள், லெஃப்ட்,” என்று கத்தினான். பூக்கடை, சாப்பாட்டுக்கடை, ஒருவழிப் பாதை என்று எல்லாம் ஜன்னலில் ஓடின. என் நெஞ்சு ஒரு பக்கம் அடித்துக்கொள்ள, நான் திரும்பி அவர் நெற்றியில் வியர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சைத் திரைக்குப் பின்னால்

ஈசிஜி எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் என் மகள் கவிதா வயசுப் பெண். தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆன்டி, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?” என்றாள்.

“விரதம்.”

“கோப்பி?”

நான் அவரைப் பார்த்தேன். “பத்துக்கு மேல இருக்கும்,” என்றார் அவர்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டாள். ஹார்ட் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு கப்புக்கு மேல் பழக்கமில்லாத உடம்பில் வெறும் வயிற்றில் அவ்வளவு போனால் இப்படித்தான் படபடக்கும், பயத்தில் இன்னும் கூடியிருக்கிறது என்றாள். தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் படுத்திருக்கச் சொன்னாள். பிரகாஷ் ரொட்டி வாங்கி வந்து கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். விரதம் அத்தோடு முடிந்தது.

திரைக்குள் நாங்கள் இருவர் மட்டும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் கண்ணை மூடினால், “ராஜி,” என்று கூப்பிட்டார். மூச்சை இழுத்துவிட்டால், “என்ன பண்ணுது?” என்றார். புரண்டு படுத்தால் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பத்து நிமிஷம் பொறுத்தேன்.

“என்னை அப்படிப் பாக்காதீங்க,” என்று கத்திவிட்டேன். “நான் என்ன பொணமா? நீங்க பாக்குற பார்வையிலயே உசுரு போயிடும் போல இருக்கு.”

அவர் கோபப்படவில்லை. மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார்.

“எனக்கு ஏழு மாசமா அப்படித்தான் இருக்கு ராஜி,” என்றார்.

பாசாரில் பார்க்காமல் விட்டதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாட்டில் அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை

அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் அவர் கிரைண்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். பிரகாஷ் நடுவில் இரண்டு தடவை ஃபோன் செய்து, அங்கிள் வராமல் கூட்டம் நடக்காது என்று சொல்லியிருந்தான்.

“நான் ட்ரெயின்ல போயிட்டு வரேன்,” என்றார். போகட்டுமா என்று கேட்கவில்லை.

“சரி,” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவருக்குத் தெரியும். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. கேட் சாத்தும் சத்தம் கேட்டது. சாலை முனை வரை பார்க்க வாசலுக்கு ஓடாமல், அடுப்பங்கரையிலேயே நின்றேன்.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் காபி வாசம். சோறு போட்டேன். யார் வந்தார்கள், எந்தக் கொட்டை என்ன ருசி என்று ஓயாமல் பேசினார். கடைசியில், “நீ என்ன பண்ணின இவ்வளவு நேரம்?” என்று கேட்டார்.

“சும்மாதான் இருந்தேன். மொளகா காய வச்சேன்.”

பொய். மிளகாய் பையிலேயே இருந்தது. அவர் போனதிலிருந்து வரும் வரைக்கும் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் சைரன் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றேன். பிரகாஷின் நம்பரை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வெட்டினேன். ஒன்றல்ல, பல தடவை.

இன்றைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரிப்பவர் அவர். படித்துத் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் அதற்காகப் போகாமல் இருந்துவிட வேண்டாம்.